தொலைநிலைக் கல்வியில் இணையவழித் தேர்வு: கேமரா இருக்கட்டும், வினா வங்கி எங்கே?

இந்தியத் தொலைநிலைக் கல்வியில் 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். அதில் தொடர்பு வகுப்பு என்று மாணவருக்குக் கிடைப்பது சில சனி, ஞாயிறுகள்தான். மிச்ச நேரம் முழுக்க அவரும் பாடநூலும் மட்டும். படித்தது புரிந்ததா, தப்பாகப் புரிந்ததா என்று சொல்ல அருகில் ஆள் கிடையாது. ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதி அனுப்பினால், அது திருத்தி வருவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடுகிறது. பல இடங்களில் திருத்திய தாள் திரும்பி வருவதே இல்லை. மதிப்பெண் மட்டும் இணையதளத்தில் ஏறுகிறது. தொலைநிலைக் கல்வியில் இணையத் தொழில்நுட்பம் முதலில் நிரப்ப வேண்டிய பள்ளம் இது.

நடந்தது வேறு. 2020-இல் கொரோனா கல்லூரிகளை மூடியபோது எல்லோருடைய கவனமும் பருவ இறுதித் தேர்வை வீட்டிலிருந்தே எழுத வைப்பது எப்படி என்பதில் குவிந்தது. வெப்கேம் கண்காணிப்பு, தேர்வுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறக்கவிடாத பூட்டிய பிரவுசர், முகம் அடையாளம் காணும் மென்பொருள் என்று பணமும் உழைப்பும் அந்தப் பக்கமே போயின. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான விதிமுறைகள் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தபட்சம் 70 சதவீதம் என்று வகுத்தன. இணையவழிப் படிப்புக்குக் காணொலி, மின்னுள்ளடக்கம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு ஆகிய நான்கு கூறுகளும் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முதல் இரண்டுக்கும் ஸ்டூடியோவும் ஆட்களும் கிடைக்கிறார்கள். தன்மதிப்பீடு மட்டும் பெரும்பாலும் அத்தியாயத்தின் முடிவில் ஒட்டிய ஐந்து கேள்விகளோடு நின்றுவிடுகிறது. உண்மையில் அந்த நான்காவது கூறும், 30 சதவீதத் தொடர் மதிப்பீடும்தான் இணையம் நன்றாகச் செய்யக்கூடிய வேலை. 70 சதவீதத் தேர்வை அதன் தலையில் ஏற்றுவது இரண்டாம்பட்சம்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த காலத்திலிருந்தே ஆசிரியர் திருத்தும் ஒப்படைப்பு, கணினி திருத்தும் ஒப்படைப்பு என்று இரண்டு வகையை வைத்திருந்தது. ஆசிரியர் ஓரத்தில் எழுதும் குறிப்பே அங்கே பாடம் நடத்துவதாகக் கருதப்பட்டது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தொடர் மதிப்பீட்டில் குறிப்பிட்ட தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியும். இரண்டிலும் பருவத்தின் நடுவில் நடக்கும் மதிப்பீட்டுக்குக் கனம் உண்டு.

தேர்வு எழுதுவதே படிப்பு என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. மாதக்கணக்கில் தனியாகப் படிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி குறைவு.

ஒரு வினா எப்படி உருவாக வேண்டும்

தெரிவுகளிலிருந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினா என்றால் மனப்பாடத்தைச் சோதிப்பது என்று ஒரு கருத்து உண்டு. அப்படி எழுதினால் அப்படித்தான் இருக்கும். தொலைநிலையில் அதிகம் பேர் சேரும் பி.காம். படிப்பிலிருந்து ஒன்றைப் பார்ப்போம்.

ஓர் இயந்திரத்தின் விலை ரூ.1,00,000. நிறுவுகைச் செலவு ரூ.15,000. எறிமதிப்பு ரூ.5,000. பயனளிக்கும் காலம் 10 ஆண்டுகள். நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? தெரிவுகள்: 9,500, 10,000, 11,000, 11,500.

சரியான விடை 11,000. நிறுவுகைச் செலவைச் சேர்க்க மறந்தவருக்கு 9,500 வரும். எறிமதிப்பைக் கழிக்க மறந்தவருக்கு 11,500. இரண்டையும் விட்டவருக்கு 10,000. ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழையின் பெயர். மாணவர் 11,500-ஐத் தொட்டால் ‘தவறு’ என்று சொல்வதில் பயனில்லை. ‘பத்தாண்டு கழித்து விற்றால் கிடைக்கும் 5,000-ஐக் கழித்தீர்களா?’ என்று கேட்டால் அங்கேயே ஒரு சிறு வகுப்பு நடந்துவிடுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவுகைச் செலவையும் எறிமதிப்பையும் ஒரே தொகையாக, இரண்டும் 10,000 என்று வைத்திருந்தால், இரண்டையும் மறந்தவருக்கும் சரியான விடை வந்துவிடும். எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாத் தவறான வழிகளிலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தவறான வழிகள் எவை என்பது கற்பனையில் வராது; பழைய ஒப்படைப்புக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் வரிசையாகக் கிடைக்கும்.

இந்தப் பின்னூட்டம் வினாவோடு கணினிக்குள் போய்ச் சேருவதில்தான் பல துறைகள் சறுக்குகின்றன. நம் பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்துவது, இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடில் (Moodle) மென்பொருள். வினாக்களை மொத்தமாக ஏற்ற அதில் இரண்டு எளிய உரைவடிவங்கள் உண்டு. எய்க்கன் (Aiken) வடிவத்தில் வினா ஒரு வரி, தெரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசியில் விடை வரி. கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தெரிவுக்குத் தெரிவு பின்னூட்டம் எழுத அதில் இடமில்லை. கிஃப்ட் (GIFT) வடிவத்தில் சரியான விடைக்கு முன்னால் = குறி, தவறானதற்கு முன்னால் ~ குறி, தெரிவுக்குப் பின்னால் # போட்டுப் பின்னூட்டம் எழுதலாம். சமன்பாடு உள்ள வினாவில் வரும் = குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் அதை விடை என்று எடுத்துக்கொண்டு கோப்பு ஏறாமல் நிற்கும். கணிதத் துறையிலிருந்து வரும் ‘இறக்குமதி ஆகவில்லை’ புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எத்தனை வினா வேண்டும்

ஒரு பாடத்துக்கு எழுதிச் சேர்த்த வினா வங்கியில் 60 வினாக்கள், ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து எதேச்சையாக 20 என்று வைப்போம். இரண்டு பேருக்குப் பொதுவாக வருவது சராசரியாக 6 அல்லது 7. போதும்போலத் தெரியும். ஆனால் ஐந்து பேர் எழுதி முடித்துத் தங்களுக்கு வந்ததை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வங்கியில் 87 சதவீதம் வெளியே வந்துவிடும். வங்கி 200 ஆக இருந்தால் அதே ஐந்து பேரால் 41 சதவீதமும், பத்துப் பேரால் 65 சதவீதமும்தான் வெளியாகும். பயிற்சித் தேர்வுக்கு வெளியானால் நட்டமில்லை; இருநூறையும் தேடிப் போட்டுப் பார்த்தவர் பாடத்தைப் படித்தவர்தான். மதிப்பெண் சேரும் தேர்வுக்குத் தனி வங்கி வேண்டும்.

வினாவை எடுக்கும்போது மொத்த வங்கியிலிருந்து எடுக்கச் சொல்லக்கூடாது. ஒருவருக்கு முதல் அலகிலிருந்தே ஒன்பது வரும், இன்னொருவருக்கு ஒன்று வரும். அலகுக்கு ஒரு பகுப்பு, அதற்குள் எளிது, நடுத்தரம், கடினம் என்று உட்பகுப்பு; ஒவ்வொன்றிலிருந்தும் இத்தனை என்று எடுத்தால்தான் தாள்கள் சமமாக இருக்கும்.

குருட்டாம்போக்கில் எழுதித் தேறுவது பற்றிய கவலைக்கும் கணக்கு இருக்கிறது. நான்கு தெரிவு, 40 சதவீதம் தேர்ச்சி என்றால், 10 வினாத் தேர்வில் ஒன்றுமே தெரியாதவர் தேற 22 சதவீத வாய்ப்பு. 20 வினாவில் 10 சதவீதம். 40 வினாவில் 3 சதவீதத்துக்கும் கீழே. பத்துக் கேள்வித் தேர்வுக்கு மதிப்பெண் கொடுப்பதை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

பயிற்சித் தேர்வுக்கு இன்னொரு நல்ல முறை மூடிலிலேயே இருக்கிறது, தொடுவார் இல்லை. விடையோடு ‘எவ்வளவு உறுதி’ என்பதையும் மாணவர் குறிப்பார். குறைந்த உறுதி என்று சொல்லிச் சரியானால் 1, தவறானால் 0. நடுத்தர உறுதிக்கு 2 அல்லது கழித்தல் 2. முழு உறுதிக்கு 3 அல்லது கழித்தல் 6. தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் தெரியாது என்பதை மாணவருக்கு இதைப்போல உறைக்கச் சொல்லும் முறை வேறில்லை. தனியாகப் படிப்பவருக்கு அதிகம் தேவைப்படும் அறிவும் அதுதான். ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பழக்காமல் நேராக இறக்கினால் மட்டும் குழப்பம் வரும்.

அமைப்புகளில் வரும் பிழைகள்

தேர்வன்று வரும் புகார்களில் பெரும்பகுதி முந்தைய வாரம் ஒரு திரையில் செய்த அமைப்புத் தெரிவுகளால் வருபவை. நேரம் முடிந்ததும் என்ன செய்வது என்று மூடில் கேட்கும். ‘தானாகச் சமர்ப்பிக்கவும்’ என்பதே சரி. ‘மாணவர் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் கொள்ளாதே’ என்று வைத்துவிட்டால், கடைசி நிமிடத்தில் சிக்னல் போனவருக்கு எழுதியது அத்தனையும் போகும். பிரவுசரை மூடிவிட்டவருடைய தாளைத் தானாகச் சமர்ப்பிக்க, சர்வரில் கிரான் என்னும் பின்னணிப் பணி நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோயிருப்பதை யாரும் கவனிக்காமல் தாள்கள் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற நிலையிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

விடைகளை எப்போது காட்டுவது என்பது அடுத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது, முடித்த உடனே, தேர்வு திறந்திருக்கும் வரை, தேர்வு மூடிய பிறகு என்று நான்கு கட்டங்கள் உண்டு. மதிப்பெண் சேரும் தேர்வில் சரியான விடை நான்காவது கட்டத்தில்தான் தெரிய வேண்டும். பயிற்சித் தேர்வில் நேர்மாறாக, ஒவ்வொரு வினாவுக்கும் உடனே குறிப்பும் மறுவாய்ப்பும் தர வேண்டும்.

காலை 10 மணிக்கு 2,000 பேரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று வைத்தால் சர்வர் தொடக்கத்திலும் முடிவிலும் திணறும். தொடர் மதிப்பீட்டுக்கு அப்படி ஒரு தேவையே இல்லை. தேர்வை 48 மணி நேரம் திறந்து வைத்து, தொடங்கிய பின் 40 நிமிடம் என்று கொடுத்தால் போதும். மூடும் நேரத்தை நள்ளிரவில் வைக்கக்கூடாது. உதவி எண்ணில் ஆள் இருக்கும் மாலை 6 மணியாக இருக்கட்டும். மூட 20 நிமிடம் இருக்கும்போது தொடங்கியவருக்கு 40 நிமிடம் கிடைக்காது, 20தான் கிடைக்கும் என்பதை அறிவிப்பிலேயே எழுத வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுபவர்கள் இருந்தால் இந்திய நேரம் என்று குறிப்பிடுவது கட்டாயம். ஒரு பக்கத்துக்கு ஒரு வினா என்று வைப்பதைவிட ஐந்து வினா என்று வைத்தால் 50 வினாத் தேர்வில் சர்வருக்குப் போகும் கோரிக்கைகள் ஐம்பதிலிருந்து பத்தாகும்.

கைப்பட எழுதிய தாளைப் படமெடுத்து ஏற்றச் சொல்லும்போது வேறு சிக்கல். போனில் எடுத்த படம் பக்கத்துக்கு 3 முதல் 5 எம்பி; 20 பக்கம் என்றால் 100 எம்பி வரை போகும். சர்வரில் பிஎச்பி மொழியின் இயல்பு வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி. அதை உயர்த்தினாலும் தளம், பாடம், செயல்பாடு என்று மூன்று மட்டத்தில் தனித்தனி வரம்பு உண்டு. மிகக் குறைந்ததுதான் செல்லும். மாணவருக்கு ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லிக்கொடுத்தால் அதே 20 பக்கம் 5, 6 எம்பிக்குள் அடங்கும்.

சேர்க்கைப் பட்டியலை எக்செலிலிருந்து ஏற்றும்போது 12 இலக்கப் பதிவெண் ‘2.02E+11’ என்று சுருங்கிவிடும். முன்னால் பூச்சியம் இருந்தால் காணாமல் போகும். பதிவெண் பத்தியை முதலிலேயே ‘உரை’ என்று மாற்றிவிட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால் கோப்பை யூடிஎஃப்-8 என்னும் யூனிகோடு வடிவில் சேமிக்கவில்லை என்று பொருள்.

தமிழ்வழி வினாக்களுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. ஆசிரியர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பும் கோப்பு தளத்தில் ஏறியதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மாற்றியதையும் ஒருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். சிறுவிடை வினா வைத்தால் கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘பௌத்தம்’ என்று ஔகாரக் குறியோடு எழுதிய விடையும், ‘பெளத்தம்’ என்று எகரக் குறியும் ளகரமும் சேர்த்து எழுதியதும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு. ‘வேற்றுமைத்தொகை’ என்று சேர்த்து எழுதினால் சரி, ‘வேற்றுமைத் தொகை’ என்று இடம் விட்டால் தவறு என்று மதிப்பெண் போகும். இப்படிப் பூச்சியம் வாங்கிய மாணவருக்குத் தன் பிழை எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பெரிய அநியாயம் அது. ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் விடைப்பட்டியலில் சேர்க்க முடியாவிட்டால் தமிழில் சிறுவிடை வினாவைத் தவிர்த்து, தெரிவு செய்யும் வினாவாகவோ பொருத்துக வினாவாகவோ கேட்பதே நல்லது. பொருத்துக வினாவிலும் தெரிவுகள் நாலைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும். எழுதுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் போன்.

தேர்வு முடிந்ததும் மூடில் ஒவ்வொரு வினாவுக்கும் புள்ளிவிவரம் தரும். இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்பது ஒன்று. மொத்தத்தில் நன்றாக எழுதியவர்கள் அந்த வினாவையும் நன்றாக எழுதினார்களா என்பது மற்றது. இரண்டாவது எண் கழித்தலில் வந்தால், அதாவது நல்ல மாணவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால், அநேகமாக விடைக்குறிப்பு தப்பு, அல்லது வினாவில் இருபொருள். விடையைத் திருத்தி மறுமதிப்பீடு என்ற பொத்தானை அழுத்தினால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சரியாகும். மதிப்பெண் வெளியிடுவதற்கு முன் இதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். ஐம்பது பேருக்குக் குறைவானவர்கள் எழுதிய தேர்வில் இந்த எண்களைப் பெரிதாக நம்பக்கூடாது.

பாடம் நடத்தும் பக்கம்

நேரலை வகுப்பை அப்படியே பதிவு செய்து ஏற்றுவது எளிது. மாணவர் அதை முழுதாகப் பார்ப்பது அரிது. காணொலி நொடிக்கு 500 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. பேச்சை மட்டும் 32 கிலோபிட்டில் கொடுத்தால் 14 எம்பி. படத்தில் ஆசிரியரின் முகம் மட்டுமே இருக்கிறது என்றால் ஒலிக்கோப்பும் படப்பக்கங்களின் பிடிஎஃபும் போதும். கணக்குப் போட்டுக் காட்டுவது, ஆய்வகச் செய்முறை போன்றவற்றுக்குத்தான் காணொலி தேவை. அதையும் பத்து நிமிடத் துண்டுகளாக, ஒவ்வொன்றின் முடிவிலும் மூன்று வினாக்களோடு. 2020-இல் இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தளங்களைத் தரவுக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டன. அந்த மாதிரி ஏற்பாடு இல்லாத இடங்களில் மூடிலின் கைப்பேசிச் செயலி உதவும்: நேர வரம்பு இல்லாத பயிற்சித் தேர்வை இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலே எழுதி, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம். இதற்கு, பின்னூட்டம் கடைசியில் வரும்படி தேர்வை அமைத்திருக்க வேண்டும். உடனுக்குடன் குறிப்புத் தரும் வகை இணையமில்லாமல் ஓடாது.

வீட்டிலிருந்து இறுதித் தேர்வு

வெப்கேம் படம் நொடிக்கு 300 கிலோபிட் என்றாலும் 3 மணி நேரத் தேர்வுக்கு மாணவருக்கு 405 எம்பி செலவு. ஒரே நேரத்தில் 2,000 பேர் என்றால் பல்கலைக்கழகத்துக்குள் நொடிக்கு 600 மெகாபிட் வந்து இறங்க வேண்டும். அதையும் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பின்னால் வருவது. மென்பொருள் ‘சந்தேகம்’ என்று கொடி காட்டிய ஒவ்வொரு பதிவையும் மனிதர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே அறையில் நான்கு பேர் வாழும் வீட்டில் பின்னால் ஒருவர் நடந்து போவதும், குழந்தை அழுததும் திரும்பிப் பார்ப்பதும் கொடியாகத்தான் பதிவாகும். நூற்றில் இருவருக்குத் தவறாகக் கொடி விழுந்தாலும் 2,000 பேருக்கு ஒரு தாளுக்கு 40 விசாரணை. அதை நடத்த ஆள் வைக்காமல் கண்காணிப்பு மென்பொருள் வாங்கினால் ஒன்று நிரபராதிகள் தண்டிக்கப்படுவார்கள், அல்லது கொடிகளை யாரும் பார்க்கவே மாட்டார்கள். மாணவர் அருகிலுள்ள ஒரு மையத்துக்கு வந்து கணினியிலோ தாளிலோ எழுதுவதே இன்றைக்கும் நியாயமான வழி. வர இயலாத கைக்குழந்தைக்காரர்களுக்கும் வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கும் மட்டும் ஆசிரியர் நேரலையில் கவனிக்கும் இணையவழித் தேர்வை வைக்கலாம்; பத்துப் பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்றால் கொடி பார்க்கும் மென்பொருளே வேண்டாம்.

ஒப்படைப்பின் நிலை 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் மாறிவிட்டது. பாடநூல் கேள்விக்கு இரண்டு பக்க விடை என்பது இனி யாருடைய அறிவையும் காட்டாது. கண்டுபிடிப்பான் மென்பொருளை நம்பித் தண்டிப்பதும் சரியல்ல. எழுத்து மனிதருடையதா இயந்திரத்தினுடையதா என்று சொல்லும் தன் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனமே திரும்பப் பெற்றது. மாணவரின் சுற்றுவட்டாரத் தரவைக் கேட்கலாம்: தெருவிலுள்ள ஒரு கடையின் ஒரு வாரக் கொள்முதல், விற்பனையைக் குறித்து வந்து வியாபாரக் கணக்குப் போடுவது, ஊராட்சியின் குடிநீர் விநியோகத்தை ஒரு மாதம் பதிவு செய்வது. சமர்ப்பித்த பிறகு ஐந்து நிமிடம் போனில் வாய்மொழியாக இரண்டு கேள்வி. 60 மாணவருக்கு அது 5 மணி நேர வேலை; அதே 60 தாளைத் திருத்தும் நேரத்தைவிடக் குறைவு.

வினா வங்கிக்கு ஆகும் உழைப்பையும் வெளிப்படையாகக் கணக்கிட வேண்டும். ஐந்து அலகு கொண்ட ஒரு பாடத்துக்கு அலகுக்கு 40 என்று 200 வினா. பின்னூட்டமும் சரிபார்ப்பும் சேர்த்து வினாவுக்கு 25 நிமிடம் என்றால் 83 மணி நேரம். பாடநூல் அலகு எழுதுபவருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறோம், தாள் திருத்துபவருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். வினா எழுதுவதற்கும் அதேபோல ஒரு தொகை நிர்ணயித்து, எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர் என்று பெயர் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டின் கடைசி வாரத்தில் ஒப்பந்த ஆசிரியர் ஒருவர் பாடநூலைப் புரட்டி 200 வாக்கியங்களைக் கோடிட்ட இடமாக மாற்றித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு துறை முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடத்தை எடுத்து 100 வினாவோடு பயிற்சித் தேர்வாக மட்டும் நடத்தலாம். புள்ளிவிவரத்தைப் பார்த்து அதில் பழுதானவற்றை நீக்கி, அடுத்த பருவத்தில் 200 ஆக்கி, அதற்குப் பிறகே மதிப்பெண்ணுக்கான தனி வங்கியைத் தொடங்கினால், மூன்றாம் பருவத்தில் 30 சதவீதத்தில் பாதியை அதன் பொறுப்பில் விடலாம்.